தலைப்பால் முதலில்: தாய்லாந்துப் பச்சைக் குழம்பு பற்றிக் கேள்வி பதில்

பாங்காக்கில் ஒன்பது வருடம் குடியிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாவிடம் கற்றுக்கொண்ட சமையல் இது. தெருவே அவரை ‘பா’ என்று கூப்பிடும். பெரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துக் குழம்பில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதுதான் தாமதம், கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

மதுரை: பச்சைக் குழம்பு மூன்று முறை வைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் நம் குருமா மாதிரிதான் வருகிறது. எங்கே தப்பு?

தலைப்பாலை, அதாவது தேங்காயில் முதலில் பிழியும் கெட்டிப் பாலை, எப்போது ஊற்றினீர்கள்? கடைசியில்தானே? தப்பு அங்கேதான்.

நம் வீடுகளில் கெட்டிப் பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வருவதற்குள் இறக்கிவிடுவோம். பால் திரிந்துவிடுமே என்ற பயம். அங்கே தலைகீழ். முதலில் வாணலியில் போவதே தலைப்பால்தான், அதுவும் திரிய வேண்டும் என்றே. ஒரு கப் ஊற்றி மிதமான தீயில் வையுங்கள். முதலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்கும். தண்ணீர் வற்ற வற்ற அது பொரிகிற சத்தமாக மாறும். விளிம்பில் பளபளவென்று எண்ணெய் தெரியும், நடுவில் பால் திட்டுத்திட்டாக நிற்கும். ‘தேக் மன்’ என்பார்கள், எண்ணெய் பிரிவது. அந்த எண்ணெயில்தான் அரைத்த விழுதைப் போட்டு, மூக்கில் ஏறும்வரை மூன்று நான்கு நிமிடம் வதக்க வேண்டும். அப்புறம் கோழித்துண்டுகள் (அரைக் கிலோ, தொடைக்கறி நல்லது), மீன் சாஸ், கொஞ்சம் பனைச் சர்க்கரை. கறி வெளுத்ததும் இரண்டாம் பால் இரண்டு கப். கத்தரிக்காய் வெந்ததும் இலைகளைப் போட்டு (எந்த இலைகள் என்று பின்னால் வருகிறது) இறக்கிவிடலாம்.

பாவின் அடுப்படியில் முதல் நாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? பால் திரிவதைப் பார்த்துப் பதறி அடுப்பை அணைத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பப் பற்றவைத்தார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்துவிட்டார்.

சென்னை: விழுதை மிக்ஸியில் அரைக்கலாமா?

அரைக்கலாம், ஆனால் கல் வேறு, மிக்ஸி வேறு. கல் நாரை நசுக்கிச் சாற்றை வெளியே எடுக்கும், பிளேடு நாரை நறுக்கிப் போடும், அவ்வளவுதான். மிக்ஸி சுற்றத் தண்ணீர் வேறு கேட்கும். தண்ணீர் சேர்ந்த விழுது எண்ணெயில் வதங்காது, வேகும்.

அங்கே கருங்கல் உரலில் இடிப்பார்கள். சோன்புரி மாகாணத்து ஆங் சிலா என்ற கடலோர ஊரின் உரல்களுக்கு நல்ல பெயர் உண்டு. நமக்கு அம்மி போதும். நான்கு பேருக்குக் கணக்கு: பச்சைமிளகாய் பதினைந்து (சின்னதாக, காரமானதாக), எலுமிச்சைப் புல் மூன்று தண்டு, நறுக்கிய பேரரத்தை ஒரு மேசைக்கரண்டி, மக்ரூட் எலுமிச்சைத் தோல் ஒரு தேக்கரண்டி, கொத்தமல்லி வேர் ஒரு மேசைக்கரண்டி, பூண்டு எட்டுப் பல், சின்ன வெங்காயம் ஐந்தாறு, இறால் விழுது ஒரு தேக்கரண்டி. வறுத்த தனியா ஒரு மேசைக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகு பத்து. முதலில் வறுத்ததைப் பொடித்து எடுத்து வையுங்கள். அப்புறம் மிளகாயும் உப்பும், அடுத்து நார் உள்ளவை. ஈரமான பூண்டும் வெங்காயமும் அதற்குப் பிறகு. பொடித்ததும் இறால் விழுதும் கடைசியில் சேரட்டும். கடினமானது முன்னால், இளகியது பின்னால். வெங்காயத்தை முதலில் போட்டால் எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடும்.

மிக்ஸிதான் என்றால் சட்னி ஜாரில், எலுமிச்சைப் புல்லைக் காகிதம்போல் மெல்லிய வட்டங்களாக நறுக்கிப் போட்டு, தண்ணீருக்குப் பதில் இரண்டு கரண்டி தலைப்பால் விட்டு, விட்டுவிட்டு ஓட்டுங்கள்.

கொத்தமல்லி வேர் எங்கே வாங்குவது என்று கேட்காதீர்கள். கட்டோடு வருகிறதே, அரிந்து குப்பையில் போடுகிறோமே, அதுதான்.

கோவை: நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை கிடைக்கிறது. அதுதானே தாய்லாந்துக் குழம்புக்குப் போடும் ‘கலங்கல்’ (galangal) கிழங்கு?

இல்லை. வேண்டியது பேரரத்தை, அதுவும் பச்சைக் கிழங்காக. சித்தரத்தை அதற்குத் தம்பி முறை, ஆனால் குணம் வேறு. குழம்பில் போட்டால் கஷாய வாசனை அடிக்கும். காய்ந்த பேரரத்தை கட்டைபோல் இருக்கும், ஊறவைத்தாலும் விழுதாகாது. தோட்டம் இருந்தால் ஒரு கிழங்கை நட்டுவிடுங்கள், இஞ்சி மாதிரி வளரும். இஞ்சியையே போட்டால் அது இஞ்சிக் குழம்பு. நன்றாகத்தான் இருக்கும், பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள்.

திருநெல்வேலி: மக்ரூட் இலை எங்களூரில் கிடைக்காது. என்ன செய்ய?

நார்த்தை இலை. வேப்பிலைக்கட்டி இடிக்கிற வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இளம் இலையாகப் பறித்து, நடு நரம்பை உருவி, கிழித்துப் போடுங்கள். வாசனை அதேதான் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உறவு தெரியும். கறிவேப்பிலை வேண்டாம். தாளிக்கவும் வேண்டாம், கடுகு வேண்டவே வேண்டாம்.

திருச்சி: அக்கா, மிக்ஸியில் அரைத்தால் சரியாக வருமா?

சென்னைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சேலம்: துளசி போடச் சொல்கிறார்களே?

அங்கே சமையலுக்கு மூன்று துளசி இனங்கள் உண்டு. ‘கப்ராவ்’ நம் துளசிக்கு நெருங்கியது, காரமாக வதக்கும் இறைச்சிக்குப் போடுவது. இந்தக் குழம்புக்கு ‘ஹோரப்பா’. நம் திருநீற்றுப்பச்சிலையும் அந்த இனம்தான், சப்ஜா விதை தருகிற செடி. அடுப்பை அணைத்த பிறகு ஒரு கைப்பிடி. மூன்றாவது ‘மேங்லக்’, இன்றைக்கு அது நமக்கு வேண்டாம்.

ஈரோடு: நாங்கள் சைவம். கடையில் விழுது வாங்கினால் போதுமா?

டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு எதுவானாலும் பெரும்பாலான விழுதுகளில் இறால் இருக்கும். முன்பக்கம் இலையும் மிளகாயுமாகப் படம் போட்டிருப்பார்கள், அதை நம்பக்கூடாது. தாய்லாந்திலேயே ‘ஜே’ என்ற சைவ முறை உண்டு, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காதது. மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ், இறால் விழுதுக்குப் பதில் புளிக்கவைத்த சோயா விழுது. உணவகத்தில் ‘வெஜ்’ என்று மட்டும் சொன்னால் கறி இருக்காது, மீன் சாஸ் இருக்கும். இதை எத்தனை தடவை சொன்னாலும் போதாது.

நாகப்பட்டினம்: மீன் சாஸுக்கும் இறால் விழுதுக்கும் பதிலாகக் கருவாடு போட்டால் சிரிப்பீர்களா?

சிரிக்க மாட்டேன், இதுவரை வந்ததில் நல்ல கேள்வி இதுதான். அவர்களுடைய இறால் விழுது, ‘கபி’, பொடிக் கூனியை உப்பிட்டு உலர்த்திப் புளிக்கவைத்தது. மலேசியாவில் நம்மவர்கள் பெலாச்சான் என்பது இதற்கு உடன்பிறப்பு. உங்களூர்க் கடையில் சென்னாக்கூனி இருக்குமே? ஒரு கரண்டி எடுத்து வெறும் சட்டியில் வறுத்து, தூசி புடைத்து, விழுதோடு வைத்து இடியுங்கள். புளிப்பு வாசனை வராது, கடல் வாசனை வரும். மீன் சாஸோ நெத்திலியையும் உப்பையும் மாதக்கணக்கில் ஊறவிட்டு வடிப்பது. அதற்கு நெத்திலிக் கருவாட்டைப் போடாதீர்கள், குழம்பு மணலாகிவிடும். உப்பே போதும்.

விழுப்புரம்: டாம் யம் சூப் செய்முறை?

இன்று குழம்பு மட்டும்.

தஞ்சாவூர்: இவ்வளவு சுற்றுவானேன்? தாய்லாந்துக் குழம்பே சோழர்கள் கொண்டுபோனதுதானே?

இது வரும் என்று எதிர்பார்த்தேன். சோழர் காலத்துக்கும் முன்பே நம் வணிகர்கள் அங்கே போனது உண்மை. தகுவா பா என்ற ஊரில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அது பல்லவர் காலம். அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழுவையும் சொல்கிறது. அந்தக் கல்லில் இருப்பது குளம், குழம்பு இல்லை.

அவர்கள் குழம்புக்குச் சொல்வது ‘கேங்’, அவர்களுடைய சொல். அதில் ஒரு வகை மட்டும் ‘கேங் கரி’. மஞ்சள் நிறம், கறிமசாலாப் பொடி சேர்ப்பது. அந்தக் ‘கரி’ நம் கறிதான். எல்லாமே நம்முடையது என்றால் ஒன்றுக்கு மட்டும் தனியாக அந்தப் பெயர் எதற்கு? பட்டை, கிராம்பு, ஏலம் போடுகிற ‘மஸமான்’ என்ற குழம்பு முஸ்லிம்கள் வழி வந்தது. பச்சைக் குழம்பில் எலுமிச்சைப் புல்லும் பேரரத்தையும் மக்ரூட்டும்தான் பேசும். அந்த மூன்றையும் வைத்து நாம் எந்தக் குழம்பு வைத்தோம்?

கும்பகோணம்: திருவெம்பாவை அங்கே அரண்மனை வரைக்கும் போயிருக்கிறதே? அதையும் இல்லை என்பீர்களா?

ஏன் இல்லை என்கிறேன்? ‘த்ரியம்பவாய்’ என்று அரசவைப் பிராமணர்களின் சடங்குக்கே பெயர் இருக்கிறது. பாட்டு போனது, சரி. பாட்டுக்குப் பின்னால் சட்டியும் போனது என்பதற்குச் சான்று கொண்டுவாருங்கள்.

தஞ்சாவூர் மறுபடியும்: மிளகாய் இல்லாத தாய்லாந்துக் குழம்பு உண்டா? மிளகாய் இந்தியாவிலிருந்து போனதுதான்.

மிளகாய் நமக்கே சொந்தமில்லை ஐயா. அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துகீசியர் காலத்தில் வந்தது. 1511இல் அவர்கள் தாய்லாந்தின் பழைய தலைநகரான அயுத்தயாவுக்கும் போய்விட்டார்கள். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். தாய் மொழியில் மிளகாய்க்குப் பெயர் ‘பிரிக்’. மிளகுக்கு? ‘பிரிக் தாய்’. முதலில் பிரிக் என்றாலே மிளகுதான். புதிதாக வந்த காய் அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டதும், பழையதற்குத் ‘தாய்’ என்று ஒட்டுப்போட வேண்டியதாயிற்று. நாம் மிளகின் பெயரை வைத்து மிளகாய் என்றோம். இரண்டு வீட்டிலும் வந்தது ஒரே விருந்தாளி, பெயர் வைத்த விதம்தான் வேறு.

யாழ்ப்பாணம்: சண்டைக்குள்ளே வருகிறேன், மன்னிக்கவும். நாங்கள் முதல் பாலைத் தலைப்பால் என்போம், பிறகு பிழிவது கப்பிப்பால். எங்கள் சொதியும் பச்சைமிளகாயும் தேங்காய்ப்பாலும்தானே? இரண்டும் ஒன்றுதானே?

வாருங்கள். உங்களிடம்தான் ‘தலைப்பால்’ என்ற சொல்லைக் கடன் வாங்கினேன். தாய் மொழியில் முதல் பாலுக்கு ‘ஹுவா கதி’. ஹுவா என்றால் தலை. இரண்டாவது ‘ஹாங் கதி’, வால் பால். தலையைத் தலை என்றே சொல்ல இரண்டு ஊருக்கும் தோன்றியிருக்கிறது! ஆனால் சொதியில் அந்தத் தலைப்பால் எப்போது விழுகிறது? கடைசியில், திரியாமல் கிண்டிக் கிண்டி. சரக்கில் பாதி ஒத்துப்போகலாம், ஆனால் ஒன்றில் பாலைக் காப்பாற்றுகிறோம், மற்றதில் பாலை உடைக்கிறோம். இரண்டையும் ஒன்று என்றால் இரண்டு சமையல்காரிகளுக்கும் கோபம் வரும்.

தஞ்சாவூர் ஐயா எழுதிய நான்காவது கடிதத்துக்கு இன்று பதில் இல்லை. அடுப்பு காத்திருக்கிறது.

வேலூர்: பாக்கெட் தேங்காய்ப்பாலில் அரை மணி நேரம் கொதித்தும் எண்ணெய் பிரியவில்லை.

பிரியாது. பிரியக்கூடாது என்றே அதில் நிலைப்படுத்திகள் சேர்க்கிறார்கள். ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் விட்டு அதில் விழுதை வதக்கி, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். முடிந்தால் தேங்காய் துருவிப் பிழியுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் அரைக் கப்புக்கு மேல் வேண்டாம். ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் தலைப்பால் தானே மேலே திரளும்.

கரூர்: படத்தில் கிளிப்பச்சையாக இருக்கிறது, எனக்கு வெளிறிப்போகிறது.

வெளிறித்தான் இருக்க வேண்டும். பச்சைக் குழம்புக்குத் தாய் மொழியில் ‘கேங் கியாவ் வான்’ என்று பெயர். அதில் உள்ள ‘வான்’ இனிப்பு என்று பொருள்படும், ஆனால் இங்கே அது நிறத்தைச் சொல்கிறது, பால் கலந்த மென்மையான பச்சை. அதனால் சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள். இன்னும் பச்சை வேண்டுமென்றால் மிளகாய்ச் செடியின் இலை நான்கைச் சேர்த்து இடியுங்கள்.

ராமநாதபுரம்: பனைச் சர்க்கரைக்குக் கருப்பட்டி போடலாமா?

ஒரு சுண்டைக்காய் அளவு. தாய்லாந்தின் பெட்சபுரி மாகாணத்துப் பக்கம் நம் பனைமரமேதான், ஆனால் அவர்களுடைய சர்க்கரை வெளிர் பழுப்பு, கருப்பட்டி போலப் புகைவாசம் இருக்காது. அளவு கூடினால் குழம்பு கறுத்துவிடும். சுண்டைக்காய் என்றதும் நினைவு வந்தது: பச்சைச் சுண்டைக்காயையே முழுசாகக் குழம்பில் போடுங்கள். அங்கேயும் அதுதான் போடுகிறார்கள். கடிக்கும்போது பட்டென்று உடைந்து கசக்கும், அந்தக் கசப்பு இல்லாமல் பா குழம்பை இறக்கவே மாட்டார்.

தருமபுரி: மிக்ஸியில்...

வேண்டாம்.

ஓசூர்: சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா?

மருத்துவரைக் கேளுங்கள், என்னை அல்ல.

புதுச்சேரி: சோறு தவிர எதற்குத் தொட்டுக்கொள்ளலாம்?

அங்கே ‘கனோம் சீன்’ என்று அரிசி நூல் உண்டு, அதன்மேல் பச்சைக் குழம்பை ஊற்றுவார்கள். நமக்கு இடியாப்பம். பரோட்டாவுக்கும் ஜோர். பாஸ்மதி மட்டும் வேண்டாம், அதன் வாசனை இதோடு மல்லுக்கு நிற்கும்.

திண்டுக்கல்: அக்கா, இப்போதே அடுப்பில் வைத்திருக்கிறேன். பால் முழுக்கத் திரிந்துபோய் எண்ணெய் மிதக்கிறது. கீழே ஊற்றிவிட்டுப் புதுசாகப் பிழியவா?

ஐயோ தம்பி, ஊற்றாதே! விழுதைப் போடு!