பழைய பிக்கப் வண்டி: கதவு, பானட், டெயில்கேட் (பின்பக்கத் தட்டிக் கதவு) கோளாறுகள் – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டிரைவர் பக்கக் கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் சாத்த முடிகிறது. ஸ்ட்ரைக்கரைக் (கதவின் பூட்டு போய் மாட்டும் கொக்கிக் கம்பி) கொஞ்சம் இறக்கிவிடவா?

பதில்: வேண்டாம் தம்பி. ஸ்ட்ரைக்கரை இறக்கினால் கதவு சாத்தும், ஆனால் கீல் தேய்ந்துகொண்டேதான் போகும். கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கண் கீலில் இருக்கட்டும். கீலின் பின்னைச் (அச்சுக் கம்பி) சுற்றி ஆட்டம் தெரிந்தால், அதைச் சுற்றியிருக்கும் புஷ் என்ற குழல் தேய்ந்துவிட்டது. கீல் மொத்தமாக அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. கீலோடு சேர்ந்து, அது பொருத்தப்பட்ட தூணின் தகடும் அசைந்தால் துரு அல்லது விரிசல். அதற்கு வெல்டிங்தான் வழி.

புஷ் மாற்றும்போது கதவுக்கு அடியில் மரக்கட்டை வைத்து, எடையைத் தாங்கும் அளவுக்கு மட்டும் ஜாக்கியை ஏற்றுங்கள். ஒரு கீலை முடித்த பிறகே அடுத்ததன் பின்னை உருவ வேண்டும். பழைய பின்னில் புதுப் புஷ் போட்டால் சீக்கிரமே ஆட்டம் திரும்பிவிடும், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஸ்ட்ரைக்கரைத் தொடுவது கடைசியில்தான்.

கேள்வி: கதவுக்குள் தண்ணீர் சலசலக்கிறது.

பதில்: அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகள் அடைத்திருக்கின்றன. பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். கம்பி பெயின்டைக் கீறி, அங்கேயே துரு ஏறும்.

கேள்வி: உள்ளே லிவரை இழுத்தாலும் பானட் திறக்கவில்லை, சார்.

பதில்: ஒருவர் லிவரை இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் பானட்டின் முன்பக்கத்தை உள்ளங்கையால் கீழே அழுத்தி விடட்டும். லாட்ச் (பூட்டுக் கொக்கி) காய்ந்து இறுகியிருந்தால் இதிலேயே விடுபடும். லிவர் தொளதொளவென்று வந்தால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது முனை கழன்றிருக்கலாம். திறந்ததும் லாட்ச்சைத் துடைத்து கிரீஸ் போடுங்கள். இரண்டாவது கொக்கியின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். ஓடும்போது பானட் எகிறாமல் காப்பது அதுதான்.

கேள்வி: பானட்டை இறக்கும்போது கீல் அருகே தகடு மடிகிறது.

பதில்: உடனே நிறுத்துங்கள். கீல் துருவேறி இறுகியிருக்கிறது. துரு இளக்கும் எண்ணெயை மூட்டுகளில் விட்டு ஊறவைத்து, சிறிது சிறிதாக அசைத்து இளக்குங்கள். வலிந்து அமுக்கினால் பானட்டே வளைந்துவிடும்.

கேள்வி: டெயில்கேட் கைப்பிடியை இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் விடுகிறது.

பதில்: கைப்பிடியிலிருந்து இரு பக்க லாட்ச்சுக்கும் தனித்தனிக் கம்பி போகிறது. திறக்காத பக்கத்துக் கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்தான் பெரும்பாலும் உடைந்திருக்கும். உள்பக்க மூடித் தகட்டைக் கழற்றி அந்தக் கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். லாட்ச் விட்டால் கிளிப்பை மட்டும் மாற்றினால் போதும். விடாவிட்டால் லாட்ச் இறுகியிருக்கிறது. திறந்தபின் பக்கவாட்டுத் தாங்கு கேபிள்களையும் பாருங்கள். ஒன்றில் இழை பிரிந்திருந்தாலும் இரண்டையும் மாற்றிவிட்டுத்தான் டெயில்கேட் மேல் பாரம் ஏற்ற வேண்டும்.