ஒப்புதல் பெற்ற மருந்தை மீண்டும் ஏன் ஆராய்கிறார்கள்?

விற்பனைக்கு வந்துவிட்ட மருந்து, அதை உட்கொள்ளும் பெருந்திரளான மக்களிடம் என்னென்ன தீங்குகளை, எவ்வளவு அடிக்கடி விளைவிக்கிறது என்று கணக்கிடுவதே மருந்துப் பாதுகாப்பில் ஈடுபடும் நோய்ப்பரவலியல் ஆய்வாளரின் பணி. ஒப்புதலுக்கு முந்தைய சோதனைகளில் பெரும்பாலும் சில ஆயிரம் பேரே பங்கேற்பதால், 10,000 பேரில் ஒருவருக்கு நேரும் பாதிப்பு அங்கே தென்படாமலே போகலாம். அதை ஒருமுறையாவது காண 95 விழுக்காடு வாய்ப்பு வேண்டுமென்றால் ஏறத்தாழ 30,000 பேர் தேவை. ஒரு வாளி நீரில் மீன் அகப்படவில்லை என்பதற்காக ஏரியில் மீனே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கர்ப்பிணிகள் பெரும்பாலும் சோதனைகளில் சேர்க்கப்படுவதில்லை என்பதும் ஒரு காரணம். கர்ப்பிணிகளும் உட்கொண்ட தாலிடோமைடு என்ற தூக்க மருந்து கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைச் சிதைத்தது என்பது, அது பல நாடுகளில் விற்பனையான பிறகு, 1961-இல்தான் வெளிப்பட்டது. மருந்து உட்கொண்டவருக்கு நேர்ந்ததாகப் பதிவாகும் ஒவ்வொரு பாதிப்பும் மருந்தால் விளைந்ததே எனப் பலர் எண்ணுகிறார்கள். அப்பதிவு வெறும் ஐயமே, உட்கொள்ளாதவர்களிடம் அதே பாதிப்பு எவ்வளவு நேர்கிறது என்று ஒப்பிட்ட பிறகே எதையும் உறுதிசெய்ய இயலும்.