ஒரே கப்பல், இரண்டு வரைபடம்: எதை நம்பிப் பணம் கட்டுவது?

கேள்வி: என் மகன் காட்பாடியில் பொறியியல் முதலாண்டு படிக்கிறான். பழைய ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் வரும் என்டர்பிரைஸ் விண்கலத்தை மாடலாகச் செய்ய ஆசைப்படுகிறான். ரசிகர்கள் வரைந்த இரண்டு வரைபடங்கள் அவனிடம் இருக்கின்றன. ஒன்று 1,200 ரூபாய்க்கு வாங்கியது, மற்றது இலவசம். கப்பலின் முன்பக்க வட்டத் தட்டுப் பகுதியும் எஞ்சின் குழாய்களும் இரண்டிலும் வேறு வேறாக இருக்கின்றன. ராணிப்பேட்டையில் ஒருவர் ‘கேட்’ (CAD) என்ற கணினி வரைபட மென்பொருளில் வரைந்து 3டி பிரிண்ட் எடுத்துத் தர 18,000 ரூபாய் கேட்கிறார். தன்னிடம் ‘ஸ்டுடியோ ஒரிஜினல் பிளான்’ இருப்பதாகவும் சொல்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: “எதைப் பார்த்து அளந்த வரைபடம் இது?” பதில் சொல்லத் திணறினால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இந்தக் கப்பலுக்கு மூன்று ‘உண்மை’ உண்டு. படப்பிடிப்புக்குச் செய்த சுமார் 11 அடி மாடல் ஒன்று. கதைக்காகச் சொல்லப்படும் 947 அடி நீளம், 417 அடி தட்டு விட்டம் என்ற கணக்கு இரண்டாவது. நடிகர்கள் நின்று பேசிய உள்ளறை செட் மூன்றாவது. இவை ஒன்றோடொன்று பொருந்தாது. கட்டளை அறை செட்டில் லிஃப்ட் கதவு கேப்டனுக்குப் பின்னால் ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். வெளி மாடலில் அந்த லிஃப்டுக்கான புடைப்பு நட்டநடுவில் நிற்கிறது. 1975இல் பிரான்ஸ் ஜோசப் வெளியிட்ட வரைபடத் தொகுப்பில் இதைச் சரிக்கட்ட அறையையே 36 டிகிரி திருப்பிவிட்டார். விமான நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்தவர், கணக்கு இடித்தால் விடமாட்டார். உள்ளறை வேண்டுமென்றால் அவர் வரைபடம் உதவும். வெளித்தோற்றத்துக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

தம்பிக்கு வேண்டியது வெளித்தோற்றம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஒப்பிட வேண்டியது அந்த 11 அடி மாடலோடு. 1974 முதல் அது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழுதுபார்த்து 2016 ஜூலையில் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் 1990களின் தொடக்கத்தில் நடந்த பழுதுபார்ப்பில் தகட்டுக் கோடுகளை (தகடுகள் சேரும் இடம் போலத் தெரியும் கோடுகளை) அழுத்தமாகத் தீட்டிவிட்டார்கள். தட்டின் மேல்புறத்தில் மட்டும் 1960களின் பூச்சு அப்படியே தப்பியது. அந்தக் கோடுகளைப் பார்த்து இடைப்பட்ட காலத்தில் வரைந்தவை எத்தனையோ. உடல் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கோடு போட்ட வரைபடத்தை ஓரமாக வைத்துவிடலாம். 2016க்குப் பிந்தைய படங்களோடு ஒத்துப்போவதே நல்ல வரைபடம்.

‘ஸ்டுடியோ ஒரிஜினல் பிளான்’ என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. தொடரின் கலை இயக்குநர் மேட் ஜெஃப்ரீஸ் வரைந்த வடிவமைப்பு இருந்தது உண்மை. ஆனால் அதை வைத்து மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் மாடல் செய்தபோதே சிறு வித்தியாசங்கள் வந்தன, படப்பிடிப்புக்காகப் பிறகும் மாற்றினார்கள். எனவே ஒரிஜினல் பிளானே கையில் இருந்தாலும் திரையில் பார்த்த கப்பல் கிடைக்காது. நம் ஊரில் இப்படிச் சொல்லி விற்பவர்களில் பலர் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கோப்பைப் பெயர் மாற்றிக் கொடுப்பவர்கள். 1,200 ரூபாய் கொடுத்த வரைபடத்தையும் அந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

உங்கள் இரண்டு வரைபடங்களும் ஒத்துப்போகாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல வரைபடத்தைத் தவறு என்று தூக்கிப் போடுகிறார்கள். 1964–65இல் இரண்டு முன்னோட்டப் படங்கள் (தொடருக்கு முன் சோதனையாக எடுக்கும் ‘பைலட்’ அத்தியாயங்கள்) எடுத்தார்கள், தொடர் ஒளிபரப்பானது 1966இல். இடையில் அதே மாடலை மாற்றினார்கள். முன்னோட்டத்தில் எஞ்சின் குழாய்களின் முன்முனையில் ஊசி போல நீட்டிக்கொண்டிருக்கும். தொடரில் அங்கே உள்ளே விளக்கு சுழலும் குமிழ், பின்முனையில் உருண்டை. முன்னோட்டத்தில் தட்டின் உச்சிக் குமிழும் முன்பக்க டிஷ் ஆன்டெனாவும் பெரியவை, தொடரில் சிறியவை. இதோடு போயிருந்தால் பரவாயில்லை. முன்னோட்டக் காட்சிகளையே தொடரிலும் வெட்டி ஒட்டிப் பயன்படுத்தினார்கள். அதனால் ஒரே அத்தியாயத்தில் ஊசி வைத்த கப்பலும் ஊசி இல்லாத கப்பலும் வரும். ஆகவே உங்கள் இரண்டு வரைபடங்களில் ஒன்றில் ஊசி இருந்து மற்றதில் இல்லையென்றால் இரண்டுமே சரியாக இருக்கலாம். எந்தக் கப்பல் வேண்டும் என்பதைத் தம்பிதான் தீர்மானிக்க வேண்டும். முன்பாதியை ஒன்றிலிருந்தும் பின்பாதியை மற்றதிலிருந்தும் எடுத்து ஒட்டினால் அது எந்தக் கப்பலும் இல்லை.

தட்டின் அளவு மட்டும் மாறினால் சோதிப்பது எளிது. வரைபடத்தில் மொத்த நீளத்தை ஸ்கேலால் அளந்து, தட்டின் விட்டத்தை அதனால் வகுக்கச் சொல்லுங்கள். 0.44 அருகே வர வேண்டும். ரொம்ப விலகினால் அந்த வரைபடத்தை ஒதுக்கிவிடலாம். புகைப்படத்தில் இதே கணக்கைப் போடும்போது பார்த்துச் செய்யுங்கள். வேலூர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோபுரத்தின் அடியில் நின்று படமெடுத்தால் உச்சி குறுகித் தெரியுமே, கிட்டத்தில் எடுத்த மாடல் படமும் அப்படித்தான் ஏமாற்றும். தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுத்த பக்கவாட்டுப் படம் பரவாயில்லை.

அச்சுக் கடையில் ‘ஃபிட் டு பேஜ்’ என்று ஒரு தட்டு தட்டுவார்கள். அமெரிக்க லெட்டர் தாளுக்குச் செய்த வரைபடம் ஏ4இல் சுமார் 97 சதவீதமாகச் சுருங்கும், கேட்டால் “அளவு கரெக்டாதான் இருக்கு சார்” என்பார்கள். வரைபடத்தில் உள்ள அளவுக்கோட்டை ஸ்டீல் ஸ்கேலால் சரிபாருங்கள்.

அப்புறம் ராணிப்பேட்டைக்காரர் கேட் மென்பொருளில் வரையப்போவது. இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நம் ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் இந்தியத் தர முறைப்படி முதல் கோண வரைபடம் (தோற்றங்களைத் தாளில் அடுக்கும் ஒரு முறை) சொல்லித்தருகிறார்கள். அமெரிக்கர்கள் வரைவது மூன்றாம் கோணத்தில். முன்தோற்றத்துக்கு மேலே மேல்தோற்றம் இருந்தால் அது மூன்றாம் கோணம். முதல் கோணத்தில் அது கீழே இருக்கும், பக்கத் தோற்றங்களும் இடம் மாறும். இதைக் கவனிக்காமல் வரைந்தால் வலது இடதாகிவிடும். தேர்வில் 10 மதிப்பெண்ணுக்கு இதை எழுதியவர்கள்தான் வேலையில் கோட்டைவிடுகிறார்கள், பாடத்திட்டம் போடுபவர்களுக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை. இந்தக் கப்பலில் அது சின்ன விஷயம் இல்லை. மூல மாடலின் வலப்பக்கத்தைத்தான் முழுதாகச் செய்து படம்பிடித்தார்கள். விளக்குக்கான வயர்கள் இடப்பக்கம் வெளியே வந்ததால் அங்கே வேலைப்பாடு குறைவு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஜன்னல் போட்ட வரைபடங்களில் இடப்பக்கம் வரைந்தவரின் ஊகம். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஊகம் என்று தெரிந்து செய்தால் போதும்.

விலைக்கு வருவோம். 1/350 அளவில் (கதைக் கப்பலின் 350இல் ஒரு பங்கு) கப்பல் 82 செ.மீ. நீளம், தட்டு 36 செ.மீ. விட்டம். சாதாரண பிரிண்டர் மேசை 22 செ.மீ.தான், ஆக தட்டைத் துண்டு போட்டுத்தான் எடுப்பார். ஒட்டு எங்கே வரும், தேய்த்துப் பூசுவது யார் வேலை, 18,000க்குள் அது அடக்கமா என்று எழுதி வாங்குங்கள். இதே அளவில் போலார் லைட்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் கிட் இருக்கிறது, உருவம் நம்பகமானது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரி கேட்டு மயக்கமே வரும்: பொம்மை வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70. மாடலும் கிலுகிலுப்பையும் அவர்களுக்கு ஒரே தலைப்பு.

என் யோசனை: இலவச வரைபடத்தை 2016க்குப் பிந்தைய படங்களோடு தம்பியே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பிறகு எஞ்சின் குழாய் ஒன்றை மட்டும் சிறிய அளவில் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி, அதற்கு மட்டும் காசு கொடுங்கள். அதை அளந்து பார்க்க அவர் சம்மதிக்கவில்லை என்றால் வேறு ஆள் பாருங்கள்.