பழைய கேமரா 128 ஜிபி கார்டை ஏற்க மறுக்கிறது. கார்டு பழுதா, கேமரா பழுதா?

அப்பாவின் பழைய டிஜிட்டல் கேமராவில் 128 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டை அடாப்டரோடு போட்டதும் 'கார்டில் பிழை' என்று வருகிறது, அதே கார்டு போனில் நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கார்டு போடும் இடத்தின் மூடியில் எஸ்டிஎச்சி என்று அச்சிட்டிருப்பதாகவும் சொல்லியிருக்கிறீர்கள். விடை அந்த எழுத்துகளிலேயே இருக்கிறது, எஸ்டிஎச்சி என்பது 32 ஜிபி வரை மட்டுமே போகும் கார்டு வகை. பெரும்பாலும் இரண்டுமே பழுதில்லை. 32 ஜிபி அல்லது அதற்குக் குறைவான எஸ்டிஎச்சி கார்டு ஒன்று வாங்கிப் போடுங்கள்.

இதே இடத்தில் நானும் ஒரு வாரம் மாட்டிக்கொண்டு தவித்திருக்கிறேன். உறவினர் ஒருவர் தந்த 5 மெகாபிக்சல் கேமராவுக்கு 8 ஜிபி கார்டு வாங்கினேன். கணினியில் போட்டால் திறந்தது, கேமராவில் போட்டால் பிழை. கார்டில்தான் கோளாறு என்று மாற்றி வாங்கினேன், இரண்டாவதும் அப்படியே. கடைசியில் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது, அங்கே எஸ்டி என்று மட்டும்தான் இருந்தது. எச்சி இல்லை. 2 ஜிபி கார்டு ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டதும் கேமரா உடனே ஏற்றுக்கொண்டது. அந்தக் கேமராவின் படம் ஒன்று இரண்டரை எம்பிதான் வரும் என்பதால் 2 ஜிபியிலேயே ஏறத்தாழ 800 படங்கள் அடங்கின. அன்றிலிருந்து யார் கார்டைப் பற்றிக் கேட்டாலும், "கேமராவில் என்ன எழுதியிருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். எந்தக் கார்டு என்பதைக் கேமராதான் முடிவு செய்கிறது, கார்டின் மேல் இருக்கும் பெரிய எண்கள் அல்ல.

குழப்பத்துக்குக் காரணம் வடிவம். 1999இல் அறிவிக்கப்பட்ட முதல் எஸ்டி கார்டும் இன்று கடையில் வாங்கும் எஸ்டி கார்டும் ஒரே அளவு, 32 மில்லிமீட்டருக்கு 24 மில்லிமீட்டர். அதனால் எதையும் எதிலும் செருக முடிகிறது. உள்ளே இருக்கும் ஏற்பாடு தலைமுறைக்குத் தலைமுறை வேறு. வெறும் எஸ்டி என்றால் 2 ஜிபி வரை. 2006இல் வந்த எஸ்டிஎச்சி 32 ஜிபி வரை. 2009இல் வந்த எஸ்டிஎக்ஸ்சி அதற்கு மேல் 2 டிபி வரை. புதிய கேமரா பழைய கார்டைப் படிக்கும், பழைய கேமரா புதிய தலைமுறைக் கார்டைப் படிக்காது. உங்கள் 128 ஜிபி கார்டு எஸ்டிஎக்ஸ்சி, கேமரா அதற்கு முந்தைய தலைமுறை. அவ்வளவுதான் விஷயம்.

2 ஜிபி, 32 ஜிபி என்ற இந்த இரண்டு எல்லைகளும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. பழைய எஸ்டி கார்டில் கேமரா ஒவ்வொரு பைட்டாக எண்ணி இடத்தைக் கேட்கும். எஸ்டிஎச்சியில் 512 பைட் கொண்ட கட்டம் கட்டமாக எண்ணும். கேட்கும் முறையே மாறிவிட்டதால், எஸ்டி மட்டும் தெரிந்த என் கேமராவுக்கு 8 ஜிபி கார்டோடு பேசவே தெரியவில்லை, எப்படி ஃபார்மேட் செய்தாலும் பயனில்லை. ஆனால் எஸ்டிஎச்சிக்கும் எஸ்டிஎக்ஸ்சிக்கும் இடையே எண்ணும் முறை மாறவில்லை. கோப்புகளை அடுக்கும் முறைதான் ஃபேட்32 என்பதிலிருந்து எக்ஸ்ஃபேட் என்று மாறியது. அதனால்தான், 64 ஜிபி கார்டைக் கணினியில் ஃபேட்32 ஆக மாற்றினால் பழைய கேமராவில் ஓடும் என்று சிலர் சொல்வார்கள். சில கேமராக்களில் உண்மையாகவே ஓடும். ஆனால் தரநிலை அதற்கு உறுதி தரவில்லை. படங்களை நம்பி வைக்கும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம் என்பது என் கருத்து. திரும்ப எடுக்க முடியாத தருணங்களை அந்தக் கார்டில்தானே வைக்கப் போகிறீர்கள்?

சரி, அடுத்தது வேகம். விளம்பரம் அதிகம் குழப்புவது இங்கேதான். கார்டில் பெரிதாக 170 எம்பி, 200 எம்பி என்று போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம், அதாவது படங்களைக் கணினிக்கு மாற்றும்போது வருவது. கேமராவுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதிலும் முக்கியம், எந்த நேரத்திலும் எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்பது. அதைச் சிறிய குறிகள் சொல்லும். வட்டத்துக்குள் 10 என்றாலும், யு எழுத்துக்குள் 1 என்றாலும், வி10 என்றாலும் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி. யு3, வி30 என்றால் 30 எம்பி. வி60, வி90 என்பவற்றில் எண்ணே பதில்.

எது போதும் என்று கணக்குப் போடுவது எளிது. கேமராவின் கையேட்டில் வீடியோவுக்கு 100 மெகாபிட் என்று இருந்தால் எட்டால் வகுங்கள், நொடிக்கு 12.5 எம்பி வரும். வி30 கார்டு தாராளம். 400 மெகாபிட் எடுக்கும் கேமராவுக்கு 50 எம்பி ஆகிறது, அங்கே வி60 வேண்டும். உங்களுடையது போன்ற பழைய கேமராவுக்குப் பொதுவாக வகுப்பு 10, அதாவது வட்டத்துக்குள் 10 போட்ட கார்டே போதும்.

கார்டுக்கும் கேமராவுக்கும் இடையிலான இணைப்பின் வகையைச் சொல்லும் யுஎச்எஸ் என்ற குறிக்குப் பின்னால் ரோமன் எண் ஒன்றும் இருக்கும். ஒன்று என்றால் இணைப்பின் உச்சம் நொடிக்கு 104 எம்பி. இரண்டு என்றால் 312 எம்பி, அந்தக் கார்டின் பின்பக்கம் இரண்டாவது வரிசையாகத் தகட்டுப் பட்டைகள் இருக்கும். இரண்டாம் வகைக் கார்டு முதல் வகைக் கேமராவிலும் ஓடும், ஆனால் முதல் வகையின் வேகத்தில்தான். ஏ1, ஏ2 என்று இருந்தால் அது போனில் செயலிகளை ஓட்டுவதற்கான குறி, கேமராவுக்கு அதைப் பார்க்க வேண்டியதில்லை.

எஸ்டியே அல்லாத கேமராக்களும் உண்டு. காம்பாக்ட் ஃபிளாஷ், மெமரி ஸ்டிக், எக்ஸ்டி என்று பழையவை. புதிய உயர்ரகக் கேமராக்களில் சிஎஃப்எக்ஸ்பிரஸ், அதிலும் ஏ வகையும் பி வகையும் அளவிலேயே வேறு. கையேட்டைப் பார்க்காமல் இவற்றை வாங்கவே கூடாது.

மைக்ரோ கார்டை அடாப்டரில் போட்டுப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனாலும் கேமராவுக்கு முழு அளவுக் கார்டையே நான் விரும்புகிறேன், தளர்ந்துபோகக்கூடிய இணைப்பு ஒன்று குறைகிறது. பக்கவாட்டில் இருக்கும் சிறு பூட்டு கீழே நகர்ந்திருந்தால் கேமரா எழுத மறுக்கும், அதையும் பாருங்கள். அப்புறம் போலிக் கார்டுகள். 8 ஜிபி மட்டுமே உள்ளதை 128 என்று காட்டும்படி செய்திருப்பார்கள், நிரம்பிய பிறகு எடுத்த படங்கள் கிடைக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுதும் எழுதிப் படித்துச் சோதிக்கலாம். நான் புதிதாக வாங்கும் ஒவ்வொரு கார்டையும் இப்படித்தான் சோதிக்கிறேன், சில மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

புதுக் கார்டைச் சோதித்து முடித்ததும் கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய சிறிய கேமராக்கள் பலவற்றில் சில எம்பி அளவுக்கு உள் நினைவகம் உண்டு. கார்டு உள்ளே இருக்கும்போது அதிலுள்ள படங்கள் திரையில் வராது, கார்டு இல்லாமல் ஃபார்மேட் கொடுத்தால் அவைதான் அழியும். அதனால் கார்டை வெளியே எடுத்துவிட்டு, கேமராவை இயக்கி, படம் பார்க்கும் பொத்தானை அழுத்துங்கள். அப்பா எடுத்த படங்கள் அங்கே இருக்கக்கூடும்.