முதலில் ஒழுங்காகப் படுங்கள்

கேள்வி: எனக்கு வயது 34. ஆசைப்பட்டு சர்ஃபிங் பயிற்சியில் சேர்ந்தேன். மூன்று நாளாகியும் ஒரு முறைகூடப் பலகையில் எழுந்து நிற்கவில்லை. பயிற்சியாளர் மணலில் படுக்க வைக்கிறார், இல்லையென்றால் இடுப்பளவுத் தண்ணீரில் நுரையோடு விளையாட விடுகிறார். கொடுத்திருப்பதும் சின்னப் பிள்ளைகளுக்கானது மாதிரி ஒரு பெரிய ஃபோம் பலகை. சொந்தமாக ஆறடிப் பலகை வாங்கிக்கொண்டு நேராக உள்ளே போனால் சீக்கிரம் வந்துவிடும் என்கிறார் நண்பர். நீச்சல் ஓரளவு தெரியும். வகுப்பை இழுத்தடிக்கிறார்களோ? நிற்பதற்கு ஏதாவது சூட்சுமம் உண்டா?

பதில்: கடிதம் முழுக்க நிற்பதைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். அலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோளாறு அங்கேதான்.

சர்ஃபிங்கில் நிற்பது கொசுறு. நன்றாகத் தேறியவர்களே கடலில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதியைக் குப்புறப் படுத்துக் கையால் துழாவுவதில்தான் கழிக்கிறார்கள். மீதியில் பெரும்பகுதி பலகைமேல் உட்கார்ந்து அடுத்த அலைக்குக் காத்திருப்பது. அலைமேல் போகும் நேரம் நூற்றில் பத்துக்கும் கீழ். ஆக, உங்களைப் படுக்க வைப்பவர் இழுத்தடிக்கவில்லை. பாடத்தின் பெரிய பகுதியை முதலில் நடத்துகிறார்.

படுப்பதில் என்ன பாடம் என்பீர்கள். கொஞ்சம் முன்னால் தள்ளிப் படுத்தால் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்தும், நீங்கள் குட்டிக்கரணம் போடுவீர்கள். பின்னால் தள்ளிப் படுத்தால் மூக்கு வானம் பார்க்கும், வால் அமிழ்ந்து இழுக்கும், அலை உங்களை அம்போ என்று விட்டுவிட்டுப் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடத்தை உங்கள் உடம்பு தானாகக் கண்டுபிடிக்கும்வரை நிற்கும் பேச்சே வேண்டாம்.

நுரைக்கு வருவோம். அலை என்றால் தண்ணீர் கரைக்கு ஓடி வருகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். உடையாத அலையில் அப்படி இல்லை. அதில் பயணம் செய்வது ஆற்றல். தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே ஏறி இறங்கிச் சுழல்கிறது. சும்மா கிடந்தீர்களானால் அலை உங்களுக்கு அடியில் நழுவிப் போய்விடும். துழாவித் துழாவி அதன் வேகத்தை எட்டிப் பிடித்தால்தான் சரிவில் சறுக்க முடியும். கரை நெருங்க நெருங்க அலையின் அடி தாமதிக்கும், உச்சி முந்தும். அலையின் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழம் மட்டுமே மிஞ்சும் இடத்தில் அது கவிழ்ந்து உடையும். உடைந்த பிறகு வரும் வெண்நுரையில்தான் தண்ணீர் உண்மையிலேயே கரையை நோக்கிப் பாய்கிறது. துழாவத் தெரியாதவரையும் அது தள்ளிக்கொண்டு போகும். நீங்கள் விளையாட்டு என்று எழுதியது இதைத்தான்.

பெரிய பலகையில் உங்களுக்கு என்ன அவமானம் என்று புரியவில்லை. சர்ஃபிங்கை உலகெங்கும் கொண்டுபோனவர் என்று கொண்டாடப்படும் ஹவாய்க்காரர் டியூக் கஹானமோக்குவின் மரப்பலகை ஒன்று 16 அடி நீளம், 50 கிலோவுக்கும் மேல் எடை. அவரைச் சின்னப் பிள்ளை என்று யாரும் சொன்னதில்லை. எட்டு ஒன்பது அடிப் பலகை உங்களை நன்றாக மிதக்க வைக்கும், மெதுவான அலையிலும் சறுக்கத் தொடங்கும், ஒரு கால் தப்பாக வைத்தால் மன்னிக்கும். ஆறடிப் பலகை இது எதையும் செய்யாது. உங்கள் எடைக்குப் பாதி அமிழ்ந்தே கிடக்கும். செங்குத்தான அலை இருந்தால்தான் வேகம் பிடிக்கும். செங்குத்தான அலையில் நீங்கள் என்ன ஆவீர்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சரி, சூட்சுமம் கேட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைகளை விலாவுக்குப் பக்கத்தில் தட்டையாக ஊன்றுங்கள். பலகையின் ஓரத்தைப் பிடிக்காதீர்கள். கையை அழுத்தி உடம்பைத் தூக்கி, ஒரே வீச்சில் இரண்டு காலிலும் எழுந்துவிடுங்கள். முழங்காலில் நிற்கும் இடைநிலை வேண்டாம், அது பழகிவிட்டால் விடாது. பார்வை கரையில் இருக்கட்டும். காலைப் பார்த்தால் காலடியிலேயே விழுவீர்கள். வீட்டுத் தரையில் தினமும் இருபது முறை செய்யலாம். அவ்வளவுதான்.

எனக்குக் கவலை தந்தது வேறொரு வார்த்தை. 'நீச்சல் ஓரளவு தெரியும்' என்கிறீர்கள். அந்த டியூக் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவர். பலகையைக் காலோடு பிணைக்கும் லீஷ் கயிறு 1970களில்தான் பரவலானது. அதுவரை விழுந்தவர் நீந்திப் போய்த்தான் பலகையைப் பிடிக்க வேண்டும். இன்றைக்கும் கயிறு அறுவதுண்டு. அறுந்த பிறகு உங்களிடம் மிஞ்சுவது அந்த 'ஓரளவு' மட்டும்தான். சர்ஃபிங் வகுப்போடு நீச்சல் வகுப்பிலும் சேருங்கள்.

விழக் கற்றுக்கொண்டீர்களா? ஆழமில்லாத இடத்தில் தலை முன்னால் பாய்ந்தால் கழுத்து போய்விடும். தட்டையாக, பலகையை விட்டு விலகி விழ வேண்டும். மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். பலகை எங்கே வந்து இறங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தண்ணீரில் நடக்கும்போது அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை இருக்கவே கூடாது. முதல் நாள் இதை மறந்து பல்லில் வாங்கியவன் சொல்கிறேன்.

இன்னொன்று. இரண்டு பக்கமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் அமைதியாகத் தெரியும் இடத்தைப் பார்த்து, ஆகா என்று இறங்கிவிடாதீர்கள். உடைந்து கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் பாதை பெரும்பாலும் அதுதான். இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகுங்கள். பலகையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது மிதக்கும்.

எத்தனை நாள்? நுரையில் தள்ளாடி நிற்பது இன்னும் சில வகுப்புகளில் வந்துவிடும். உடையாத அலையை நீங்களே கணித்துப் பிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் நண்பர் சொன்னபடி உள்ளே போனால், அங்கே ஒரு விதி இருக்கிறது: அலை உடையத் தொடங்கும் முனைக்கு யார் கிட்டே இருக்கிறாரோ அவருக்கே அந்த அலை. குறுக்கே பாய்ந்தால் ஏச்சு கிடைக்கும், பலகையில் மோதினால் தையலும் கிடைக்கும்.

நண்பர் சர்ஃபிங் செய்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. ஆறடிப் பலகையை அவரே வாங்கி முதலில் இறங்கட்டும். நீங்கள் இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து வேடிக்கை பாருங்கள்.