டீச்சரிடம் கேளுங்கள்: மூங்கில் பிரஷ்ஷும் அம்மாவின் வயர்கூடையும்

கேள்வி: டீச்சர், நான் பாம்பன் பையன். ராமநாதபுரத்தில் விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இனி குப்பை சேர்க்காமல் வாழ வேண்டும் என்று முடிவெடுத்து, ஆன்லைனில் மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, மூன்று துணிப்பைகள் எல்லாம் வாங்கினேன். "இதுக்கு ஒண்ணும் வாங்காமலே இருந்திருக்கலாமே" என்கிறார் அம்மா. அறையில் எனக்கு 'இயற்கை' என்று பட்டப்பெயர். கடலில் அவ்வளவு வலை கிடக்கும்போது நான் ஒருவன் ஸ்ட்ராவை விட்டு என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றுகிறது. எங்கிருந்து தொடங்குவது?
(பெயர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்)

பதில்: அம்மா சொன்னதுதான் சரி தம்பி. ஸ்டீல் ஸ்ட்ரா எதற்கு? இளநீரை அண்ணாந்து குடிக்கத் தெரியாத பிள்ளை பாம்பனில் உண்டா? மூங்கில் பிரஷ்ஷை வாங்கியாயிற்று, தேயும்வரை தேய். பெரும்பாலும் அதன் நார் நைலான்தான், எறியும்போது பிடுங்கிவிட்டுப் போடு.

துணிப்பை விஷயத்தில் ஒரு கணக்கு உண்டு. பிரிட்டன் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்டது. ஒரு தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு வைத்துப் பார்த்தால், பருத்திப் பையை 131 தடவை எடுத்துப் போன பிறகுதான் புவி வெப்பக் கணக்கில் இரண்டும் சமமாகிறது. பருத்தி விளையவும் நூலாகவும் அவ்வளவு செலவாகிறது. அதற்காகக் கேரி பேக்குக்குத் திரும்பு என்று சொல்லவில்லை. பறந்து போய்க் கடலில் விழுகிற குப்பை அந்தக் கணக்கில் வராது. நம் கரையில் அதுதான் பெரிய பாடு. ஒரு பையை வைத்துக்கொள், மற்ற இரண்டையும் பை இல்லாத யாருக்காவது கொடு. அம்மாவுக்கு வேண்டாம், அவரிடம் வயர்கூடை இருக்கும். எங்கள் வீட்டில் என் அம்மா பின்னிய பச்சைக் கூடை இன்னும் மீன் வாங்கப் போய்வருகிறது, உள்ளே ஒரு எவர்சில்வர் டப்பாவோடு. வயரும் பிளாஸ்டிக்தான், ஆனால் அந்தக் கூடையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, எங்கிருந்து தொடங்குவது? உன் அறைக் குப்பையிலிருந்து. ஒரு வாரம் கொட்டாமல் வைத்திருந்து, பழைய தினத்தாளை விரித்துக் கொட்டிப் பார். ஷாம்பு பாக்கெட், பிஸ்கட் உறை, தண்ணீர் பாட்டில், டீ கப். பாட்டிலைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். ஷாம்பு பாக்கெட்டை எந்தக் கடைக்காரரும் தொட மாட்டார், அது பல அடுக்கு ஒட்டிச் செய்தது. பேப்பர் கப்பும் பேப்பர் மட்டுமில்லை, உள்ளே பிளாஸ்டிக் பூச்சு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் இருக்கிற தடையில் அதுவும் சேர்த்திதான், டீக்கடையில்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. கண்ணாடி கிளாஸில் கேள். உன் தொட்டியில் எது அதிகமோ அதை மட்டும் முதலில் நிறுத்து.

தொட்டிக்கு வராத குப்பை ஒன்று உண்டு, மெஸ் சோறு. மறுபடி வாங்க வெட்கப்பட்டுக்கொண்டு முதலிலேயே குவித்துக்கொள்கிறீர்கள், அப்புறம் வாளியில் கொட்டுகிறீர்கள். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்து, சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. காசு கொடுத்துக் குடம் குடமாகத் தண்ணீர் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. ஆர்.எஸ். மங்கலம் பக்கம் போய்ப் பார், புழுதியில் விதைத்துவிட்டு மழைக்காக வானத்தைப் பார்த்து நிற்கிற சம்சாரிக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரிமாறுகிற அண்ணனிடம் "பாதி போதும்ணே, பிறகு வாங்கிக்கிறேன்" என்று சொல். ஸ்ட்ராவை விட்டதைவிட இது பெரிய காரியம்.

மின்சாரத்தில் ஒன்றே ஒன்று. செல்போன் சார்ஜரைப் பிடுங்குவதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். ஒரு மாதம் தினமும் போனுக்குச் சார்ஜ் போடுகிற மின்சாரமும், பூட்டிய அறையில் ஒரே ஒரு இரவு சுற்றுகிற பழைய மின்விசிறி குடிக்கிற மின்சாரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது விசிறியைப் பார்.

வலையைப் பற்றி நீ எழுதியது உண்மை. அறுந்து போன நைலான் வலை மக்காது. ஆளில்லாமலே மீன் பிடித்துக்கொண்டிருக்கும், ஆமை சிக்கும், பார் (கடலடிப் பவளப்பாறை) மேல் படிந்தால் பவளத்தை மூடிவிடும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளையும் சுற்றியிருப்பது அந்தப் பார்தான். அதைக் காட்டி உன் பங்கை விட்டுவிடாதே. நீ பாம்பன் பையன், வலைக்கு உன்னால் ஆகிற வேலையும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும்போது கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்துவார்கள் அல்லவா? அப்போது வெட்டி விழுகிற நைலான் துண்டுகள் மணலிலேயே கிடந்து அலையோடு போகும். லீவுக்கு வரும்போது சித்தப்பாவோ மாமாவோ வலை பொத்துகிற இடத்தில் ஒரு சாக்கைக் கட்டி வை. பிரசங்கம் வேண்டாம், நீயே பொறுக்கிப் போடு. முழு வலைக்கு வேலி கட்டவும் கோழிக்கூடு அடைக்கவும் கேட்க ஆள் உண்டு, துண்டுக்குத்தான் நாதி இல்லை.

'இயற்கை' நல்ல பெயர்தானே. இருந்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: எங்கள் கல்லூரியிலிருந்து கடற்கரையைச் சுத்தம் செய்யப் போகிறோம். ஆளுக்கொரு டீ-ஷர்ட், பேனர் எல்லாம் தயார். வேறு என்ன கொண்டுபோக வேண்டும்? (மாணவி, கீழக்கரை)

பதில்: முதலில் டீ-ஷர்ட்டையும் பிளெக்ஸ் பேனரையும் விடுங்கள். கனமான கையுறை, சாக்கு, வலை அறுக்கக் கத்தி, தண்ணீர்க் கேன், ஆளுக்கொரு டம்ளர் போதும். கரையில் ஒதுங்கிக் காய்ந்திருக்கும் கடற்புல்லையும் பாசியையும் வாரிவிடாதீர்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் மணலைப் பிடித்து வைப்பது அது, நண்டும் பறவையும் அதை நம்பித்தான் இருக்கின்றன. மணலில் புதைந்த வலையை இழுக்காமல் வெளியே தெரிவதை அறுத்தெடுங்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆமை முட்டையிடுகிற காலம் என்பதால் அப்போது தோண்டவே வேண்டாம். சாக்குகளை எடுத்துப்போக நகராட்சி வண்டிக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்றா? அதைச் செய்யாமல்தான் பல இடங்களில் கட்டிய மூட்டை கரையிலேயே கிடந்து கிழிகிறது.

கேள்வி: விடுதியில் நாப்கினை எங்கே போடுவது என்பதே தலைவலி. மாதவிடாய்க் கப் பயன்படுத்தலாமா? அம்மா பயப்படுகிறார். (மாணவி, மண்டபம்)

பதில்: பயன்படுத்தலாம் அம்மாடி. மருத்துவத் தரமான சிலிக்கான் கப் சில ஆண்டுகள் வரும். ஒவ்வொரு மாதமும் முடிந்தபின் தனிப் பாத்திரத்தில் கொதிக்க வைக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. பழக இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஒத்துவரவில்லை என்றால் துணி. ஆனால் துணி வெயிலில் காய வேண்டும், ஈரம் காயாத குளியலறையில் தொங்கக் கூடாது. உங்கள் விடுதி மாடியில் அதற்கு ஒரு கொடி உண்டா? நாலு பேராகப் போய் வார்டனிடம் கேளுங்கள். கிடைக்கும்வரை நாப்கினே இருக்கட்டும், தாளில் சுற்றித் தனியாகப் போடு. குப்பையைக் குறைக்கிறேன் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. அம்மாவை ஒருமுறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போ. நான் இங்கே எழுதுவதைவிட அங்கிருக்கிற நர்ஸ் சொன்னால் எடுபடும்.