திரையில் ஒளிரும் புள்ளி, கேமராவில் என்ன செய்கிறது?

கேள்வி: தொலைக்காட்சித் திரைகளில் நிறம் தரும் குவாண்டம் புள்ளிகளுக்காக 2023இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அதே புள்ளிகளைக் கொண்டு அகச்சிவப்புக் கேமராவும் செய்யலாம் என்கிறார்கள். ஒளியைத் தரும் பொருள் எப்படி ஒளியைப் பார்க்கும்?
– வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: குவாண்டம் புள்ளி என்பது சில நானோமீட்டர் அளவே உள்ள குறைக்கடத்திப் படிகம். திரையில் உள்ள புள்ளி நீல ஒளியை உள்வாங்கி, அதைச் சிவப்பாகவோ பச்சையாகவோ திருப்பித் தருகிறது. கேமராவில், ஒளி கிளப்பிவிட்ட எலக்ட்ரான் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு முன்பே அதை மின்னோட்டமாக இழுத்துக்கொள்கிறார்கள்.

கைப்பேசிக் கேமராவில் இருக்கும் சிலிக்கான், சுமார் 1100 நானோமீட்டருக்கு மேற்பட்ட அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்காமல் ஊடுருவ விட்டுவிடும். ஆனால் அதற்கு அப்பால்தான் பயனுள்ள பகுதி இருக்கிறது. 1450 நானோமீட்டர் அருகே நீர் ஒளியை வலுவாக உறிஞ்சுவதால், அடிபட்ட ஆப்பிளின் தோலுக்கடியில் ஈரம் கசிந்த இடம், கண்ணுக்குத் தெரியாத நிலையிலும், படத்தில் கருமையாக விழும். இதைக் காணும், இண்டியம் காலியம் ஆர்சனைடு என்ற குறைக்கடத்தியாலான சென்சார்கள் ஏற்கெனவே உண்டு. ஆனால் அவற்றைத் தனித் தகட்டில் வளர்த்து, ஒவ்வொரு பிக்சலையும் சிலிக்கான் மின்சுற்றோடு நுண்ணிய இண்டியம் மணிகளால் இணைக்க வேண்டியிருப்பதால், விலை மிக அதிகம்.

காரீய சல்பைடு குவாண்டம் புள்ளிகளையோ மின்சுற்றின் மேல் மை போல நேரடியாகப் பூசிவிடலாம்; இவற்றின் உண்மையான பெருமை இதுதான் என்பது என் கருத்து. சுமார் 5, 6 நானோமீட்டர் அளவில் வளர்த்தால் அவை 1500 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சும்; சிறிதாக்கினால் அந்த எல்லை குறைந்த அலைநீளத்துக்கு நகரும். கரைசலில் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க ஒவ்வொரு புள்ளியையும் ஒலியிக் அமிலத்தின் நீண்ட சங்கிலிகள் போர்த்தியிருக்கும். அந்தப் போர்வையோடு பூசினால் எலக்ட்ரானால் புள்ளிக்குப் புள்ளி தாவ முடியாது என்பதால், அதை நீக்கி அயோடைடு போன்ற குட்டையான அயனிகளைப் பொருத்துகிறார்கள். இதில் குறை நேர்ந்தால் இருட்டிலும் வீண் மின்னோட்டம் கசிந்து படம் மங்கிவிடும். பெல்ஜியத்தின் லூவன் நகரிலுள்ள ஐமெக் ஆய்வு நிறுவனம், இவ்வழியில் 2 மைக்ரானுக்கும் குறைவான பிக்சல்களைச் செய்து காட்டியிருக்கிறது.

எனினும் காரீயம் நச்சுப் பொருள். மின்னணுச் சாதனங்களில் அதன் அளவை ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தால் கட்டுப்படுத்தியுள்ளது. அன்றாடக் கருவிகளுக்குள் இத்தொழில்நுட்பம் பெருமளவில் நுழைய வேண்டுமானால் இதற்குத் தீர்வு காண்பது அவசியம். ஆகவே காரீயம் இல்லாத இண்டியம் ஆர்சனைடு புள்ளிகளை முயன்று வருகிறார்கள். ஆர்சனிக்கும் நஞ்சுதான் என்பதோடு, அவற்றை ஒரே சீரான அளவில் வளர்ப்பதும் காரீய சல்பைடைவிடக் கடினமானது.